பல்லில் கோளாறு இல்லை, ஆனாலும் தாடை வலிக்கிறது

என் அக்கா ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். சில வருடங்களுக்கு முன், மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில், அவளுக்கு இடது கன்னத்தில் ஒரு வலி ஆரம்பித்தது. கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றுதான் நினைத்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். லேசாகச் சொத்தை இருந்தது. ரூட் கெனால் செய்தார்கள். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லுக்கும் செய்தார்கள். அப்புறம் ஞானப்பல்லைப் பிடுங்கினார்கள். காதும் வலிப்பதுபோல் இருந்ததால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனாள். காதில் ஒன்றும் இல்லை என்றார். பதினோரு மாதம் இப்படியே ஓடியது.

கடைசியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர் எக்ஸ்ரே உறையைப் பிறகு பார்க்கலாம் என்று ஓரமாக வைத்துவிட்டார். "லேசாப் பல்லைக் கடிங்கம்மா... இப்ப விடுங்க" என்றார். கடிக்கும்போது கன்னத்தில் புடைத்த இடத்தைக் கண்டுபிடித்து இரண்டு விரலால் அழுத்தினார். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

"இதுதான் டாக்டர். இந்த வலிதான்!"

"எங்க வலிக்குது?"

"நீங்க அழுத்துறது கன்னத்துல. ஆனா வலிக்கிறது பல்லுல."

அந்த ஒரு பதிலில் நோய் பிடிபட்டுவிட்டது. பல்லில் இருந்த சொத்தை வேறு விஷயம். வலி தாடைத் தசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்த மருத்துவர்களிடமெல்லாம் கேட்டேன். மூன்று பல்லில் கை வைத்த பிறகு தெரிந்துகொண்டதை இன்னொருவர் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"எனக்கு டிஎம்ஜே இருக்கு"

தாடை வலி என்றாலே இப்போதெல்லாம் இந்த வார்த்தை வந்துவிடுகிறது. டிஎம்ஜே என்பது நோயின் பெயர் இல்லை, மூட்டின் பெயர். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், தோலுக்கடியில் ஒன்று உருண்டு நகரும். அதுதான் தாடை மூட்டு. எல்லோருக்கும் இரண்டு இருக்கிறது. "எனக்கு டிஎம்ஜே இருக்கு" என்று சொல்வது "எனக்கு முழங்கால் இருக்கு" என்று சொல்வது மாதிரிதான்.

அந்த மூட்டிலும் அதை இயக்கும் தசைகளிலும் வரும் கோளாறுகள் அத்தனைக்கும் சேர்த்து மருத்துவர்கள் வைத்திருக்கும் பொதுப் பெயர் டிஎம்டி. அதற்குள் பல வகை உண்டு. மூட்டுக்குள் இருக்கும் சின்னக் குருத்தெலும்புத் தட்டு விலகுவது ஒன்று. மூட்டுத் தேய்மானம் ஒன்று. தசை வலி இன்னொன்று. இவற்றில் அதிகம் பேருக்கு இருப்பது தசை வலிதான். ஆனால் "ஜாயின்ட் தேஞ்சுபோச்சு", "தாடை விலகிடுச்சு" என்று மூட்டின் மேலேயே பழி விழுகிறது.

வாயைத் திறக்கும்போது சிலருக்குச் சொடக்குப் போடுவதுபோல் 'டக்' என்று கேட்கும். வலி இல்லாமல், வாய் நன்றாகத் திறந்து மூடினால், அந்தச் சத்தத்துக்குச் சிகிச்சை தேவையில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத ஏராளமானவர்களுக்கு அது இருக்கிறது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாடையை இழுப்பது யார்?

ஒரு கையைக் கன்னத்தின் பின்பக்கம், காது மடலுக்குச் சற்றுக் கீழே முன்னால் வையுங்கள். பல்லைக் கடியுங்கள். கெட்டியாக ஒன்று எழும்புகிறதா? அது மாசெட்டர் என்ற கன்னத் தசை. கன்ன எலும்பிலிருந்து தாடையின் மூலை வரை இறங்குகிறது. கரும்பைக் கடிப்பதும் எலும்பைக் கடித்து உறிஞ்சுவதும் இதன் பலத்தில்தான்.

இப்போது அதே கையை நெற்றிப்பொட்டில் வைத்துக் கடியுங்கள். அங்கேயும் துடிக்கும். அது டெம்பொராலிஸ், விசிறிபோல் விரிந்து தலையின் பக்கவாட்டை மூடியிருக்கும் தசை. தலைவலி என்று நாம் தைலம் தேய்க்கிற இடத்தில் பாதி இதுதான். இவை தவிர உள்பக்கத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சின்னத் தசைகள் இருக்கின்றன. அவை விரலுக்கு எளிதில் எட்டாது, அவற்றை விட்டுவிடலாம்.

இந்தத் தசைகள் பலசாலிகள். அவற்றுக்குப் பலமான வேலை ஒத்துவரும். ஓய்வே இல்லாத சின்ன வேலைதான் அவற்றை வதைக்கிறது.

காலிக் குடத்தின் கனம்

ஒரு நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போய் இறக்கி வைத்துவிடலாம். ஒரு காலிப் பிளாஸ்டிக் குடத்தை, கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்று பாருங்கள். ஐந்தாவது நிமிடத்திலேயே தோள் கெஞ்ச ஆரம்பிக்கும். குடத்தில் கனம் இல்லை. இறக்கி வைக்காததுதான் கனம்.

மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தொட வேண்டிய நேரம் மிகக் குறைவு. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். நாள் முழுவதையும் கூட்டினாலும் சுமார் 20 நிமிடம் என்பது பல் மருத்துவத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. மற்ற நேரமெல்லாம் உதடு மூடியிருக்கும், உள்ளே பற்களுக்கு நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். தாடை தொங்கி ஓய்வெடுக்கும் நிலை அது.

இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தொட்டுக்கொண்டிருந்தால், காலிக் குடம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் எண்களைச் சரிபார்க்கும்போது, வண்டி ஓட்டும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, கோபத்தை விழுங்கும்போது பலரும் பல்லை லேசாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். நறநறவென்று அரைக்க வேண்டியதில்லை, ஒட்டி வைத்திருந்தாலே போதும். விழித்திருக்கும்போது இப்படிக் கடிப்பதைப் பகல்நேரப் பல்கடி என்கிறார்கள். "பல்லைக் கடிச்சிட்டுப் பொறுத்துக்கோ" என்று நம் வீடுகளில், குறிப்பாகப் பெண்களிடம், எத்தனை முறை சொல்லியிருப்போம்! அக்கா அதை அப்படியே செய்துகொண்டிருந்தாள்.

தசை சுருங்கியே இருந்தால் உள்ளே ரத்தம் தாராளமாக ஓடாது. வலியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் தேங்கும். அவை அங்கிருக்கும் நரம்பு நுனிகளைக் கூசவைக்கும். தசை கிழியவில்லை, வீங்கவில்லை, ஆனால் தொட்டால் வலிக்கும்.

இரவில் பல் கடிப்பது இதன் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். ஆனால் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. தூக்கத்தில் நன்றாகப் பல்லை அரைத்தும் காலையில் எந்த வலியும் இல்லாமல் எழுபவர்கள் நிறையப் பேர். அதனால் "ராத்திரி பல்லைக் கடிக்கிறேன், அதனால்தான் வலி" என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். சின்னக் குழந்தை தூக்கத்தில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று சொல்வதும் அப்படித்தான். பூச்சி மருந்து கொடுத்தால் பல்கடி நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர அது தானாகவே குறைந்துவிடும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தாடை வலிகளில் பெரும்பங்கு தசையிலிருந்து வருகிறது. பெரிய வேலையைவிட, ஓய்வில்லாத சிறு வேலை அந்தத் தசையை அதிகம் நோகடிக்கிறது.

கன்னத்துத் தசை நோக, பல் ஏன் வலிக்கிறது?

ஒரு பழைய வீட்டில் மூன்று குடித்தனம், வாசலில் ஒரே அழைப்பு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கிறது. யாரைத் தேடி வந்தார்கள் என்று மணிச் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. வழக்கமாக அதிகம் ஆள் வரும் குடித்தனக்காரர்தான் முதலில் எழுந்து வருவார்.

முகத்தின் உணர்வில் பெரும்பகுதியை மூளைக்குக் கொண்டுபோவது முக்கிளை நரம்பு. பல், ஈறு, தாடைத் தசை, நெற்றிப்பொட்டு, தாடை மூட்டு எல்லாவற்றின் செய்தியும் அதன் வழியாகத்தான் போகிறது. மூளைத்தண்டில் இந்தச் செய்திகள் பலவும் ஒரே நரம்பு அணுக்களில் வந்து சேர்கின்றன. தசையிலிருந்து மணி அடித்தாலும் மூளை "பல்லு வந்திருக்கு" என்று எழுந்து போகிறது. இப்படி ஓரிடத்தில் கிளம்பி இன்னோரிடத்தில் தெரியும் வலியைத் தாவும் வலி என்று வைத்துக்கொள்வோம். மாரடைப்பின் வலி இடது கையில் தெரிவதும் இதே வகைதான்.

கன்னத் தசையின் வலி பெரும்பாலும் கடைவாய்ப் பற்களுக்கும் காதுக்கும் தாவும். நெற்றிப்பொட்டுத் தசையின் வலி தலைவலியாகவோ மேல்வரிசைப் பல்வலியாகவோ தெரியும். நோயாளி பொய் சொல்லவில்லை, அவருக்குப் பல்தான் வலிக்கிறது. மருத்துவரும் பல்லைப் பார்க்கிறார், நம் வயதில் யார் வாயில்தான் ஒரு சொத்தை இல்லை? குற்றவாளி கிடைத்துவிட்டதாக இருவரும் நினைத்துவிடுகிறார்கள்.

காரணம் போன பிறகும் வலி ஏன்?

மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். வெறும் நாள் கணக்கு மட்டும் இல்லை இது, அதற்குள் வலியின் குணமே கொஞ்சம் மாறிவிடுகிறது.

வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. ஒருநாள் திருடன் வந்தான், குரைத்து விரட்டியது. மறுநாளும் வந்தான். ஒரு வாரம் இப்படியே ஆனால், பிறகு அது பால்காரரைப் பார்த்தும் குரைக்கும், இலை விழுந்தாலும் குரைக்கும். நாய்க்கு நோய் இல்லை. காவல் கூடிவிட்டது. தொடர்ந்து வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால், முதுகுத்தண்டிலும் மூளையிலும் இருக்கும் நரம்பு அணுக்கள் அப்படித்தான் பழகிவிடுகின்றன. சாதாரணத் தொடுதலைக்கூட வலியாகச் சொல்கின்றன. இதற்கு மைய உணர்திறன் கூடுதல் என்று பெயர்.

அக்காவுக்கு மேக்கப் துடைக்கும் பஞ்சு கன்னத்தில் பட்டாலே வலித்த நாட்கள் உண்டு. "நடிக்கிறியா?" என்று வீட்டிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். நடிப்பு இல்லை. வலி நூற்றுக்கு நூறு உண்மை, அதைப் பெரிதாக்கும் ஒலிபெருக்கி தசையில் இல்லாமல் நரம்பு மண்டலத்தில் இருந்தது, அவ்வளவுதான். தூக்கம் கெட்டால் இந்த ஒலி கூடும். கவலையில் கூடும். ஏற்கெனவே முதுகுவலி, ஒற்றைத் தலைவலி, குடல் எரிச்சல் போன்றவை இருப்பவர்களிடம் ஏற்கெனவே கூடியிருக்கும்.

அமெரிக்காவில் ஒப்பேரா என்ற பெரிய ஆய்வு நடந்தது. தாடை வலி இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு, யாருக்கு வலி வருகிறது என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். உடம்பில் வேறு வலிகள் இருந்தவர்களுக்கும், பலவிதமான உடல் தொந்தரவுகள் இருந்தவர்களுக்கும், தூக்கம் சரியில்லாதவர்களுக்கும் வலி வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. தாடையை மட்டும் பார்த்தால் தாடை வலி புரியாது என்பதை இந்த ஆய்வு அழுத்தமாகக் காட்டியது.

"கடி சரியில்லை" என்ற பழைய கதை

1934-இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்கள் விழுந்துவிட்டால் தாடை அதிகமாக மூடிக்கொண்டு, மூட்டு பின்னால் அழுந்தி, நரம்பை நசுக்கி, காதுவலியும் தலைவலியும் வருகிறது என்பது அவர் விளக்கம். அவர் சொன்ன நரம்பு நசுங்கல் உடற்கூறுப்படி பொருந்தவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் "பல் சேரும் விதம் தப்பாக இருப்பதால்தான் தாடை வலிக்கிறது" என்ற எண்ணம் பல தலைமுறை நிலைத்துவிட்டது. அதன் பேரில் நல்ல பற்களைத் தேய்த்தார்கள், கேப் போட்டார்கள், கம்பி கட்டினார்கள்.

கோணல் பல்லோடு வலியே இல்லாமல் வாழ்பவர்கள் எத்தனை பேர்! வரிசையான பல்லோடு வலியில் துடிப்பவர்கள் எத்தனை பேர்! பல் சேரும் விதத்துக்கும் இந்த வலிக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக இன்றைய ஆய்வுகள் காட்டவில்லை. அழகுக்கோ மெல்லுவதற்கோ கம்பி கட்டிக்கொள்ளலாம், அது வேறு. வலிக்காக நல்ல பல்லைத் தேய்க்கச் சொன்னால், தயவுசெய்து இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள். தேய்த்த பல் திரும்பி வராது.

மருத்துவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

பேசியும் விரலால் தொட்டும்தான். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. "ஒரு ஸ்கேன்கூட எடுக்கலையே!" என்பார்கள். எக்ஸ்ரேயில் பல்லும் எலும்பும் தெரியும், தசை வலி தெரியாது. எம்ஆர்ஐ எடுத்தால் மூட்டின் தட்டு தெரியும், ஆனால் வலியே இல்லாத பலருக்கும் அது விலகித்தான் இருக்கிறது. படத்தில் தெரிவதையெல்லாம் வலிக்குக் காரணமாக்கினால் திரும்பவும் தப்பான கதவைத் தட்டுவோம்.

இதற்கென்று உலகம் முழுவதும் பயன்படும் ஒரு பரிசோதனை முறை இருக்கிறது. 1992-இல் ஆராய்ச்சிக்காக உருவானது, 2014-இல் சாதாரண மருத்துவமனைக்கும் ஏற்றபடி திருத்தி வெளியிட்டார்கள். அதன் சாரத்தைச் சொல்கிறேன். முதலில் கேள்விகள்: கடந்த 30 நாளில் தாடை, நெற்றிப்பொட்டு, காது, காதுக்கு முன்பக்கம் ஆகிய இடங்களில் வலி இருந்ததா? மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் பேசும்போதும் பல்லைக் கடிக்கும்போதும் அது கூடுகிறதா, குறைகிறதா? தாடையின் அசைவோடு வலி மாறினால் அது தாடை சார்ந்த வலி என்று சந்தேகிக்க நியாயம் உண்டு.

அப்புறம் விரல். கன்னத் தசையையும் நெற்றிப்பொட்டுத் தசையையும் சுமார் 1 கிலோ அழுத்தத்தில் இடம் இடமாக அழுத்துவார்கள். சமையலறைத் தராசில் விரலை வைத்து 1 கிலோ காட்டும்வரை அழுத்திப் பாருங்கள், எவ்வளவு என்று புரியும். வலிக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்த மாட்டார்கள். "உங்களுக்கு வழக்கமாக வருகிற அதே வலியா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விதான் உயிர்நாடி. யார் கன்னத்தை அழுத்தினாலும் கொஞ்சம் வலிக்கும். தெரிந்த வலி, பழகிய வலி, "இதுதான் டாக்டர்" என்று சொல்லவைக்கும் வலி வந்தால் மட்டுமே அதைக் கணக்கில் எடுப்பார்கள். விரலைச் சில நொடி அங்கேயே வைத்திருந்தால் வலி பல்லுக்கோ காதுக்கோ தாவுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு மேல் முன்பல் நுனிக்கும் கீழ் முன்பல் நுனிக்கும் நடுவே 40 மில்லிமீட்டர் அளவாவது வர வேண்டும். வீட்டில் பார்க்க, உங்கள் கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வைத்துப் பாருங்கள், பெரும்பாலானவர்களுக்கு மூன்றும் நுழையும்.

பல்லா, தசையா என்ற சந்தேகம் தீரவில்லையா? சந்தேகப்படும் பல்லை மரத்துப்போக ஊசி போட்டுப் பார்க்கலாம். பல் முழுக்க மரத்த பிறகும் வலி அப்படியே இருந்தால், வலி வேறிடத்திலிருந்து வருகிறது. ரூட் கெனாலுக்கு முன் இந்த ஒரு ஊசியை அக்காவுக்குப் போட்டுப் பார்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைப்பேன். குளிர்ச்சி பட்டால் சுரீர், தட்டினால் வலி, பல்லுக்கடியில் சீழ் என்று பல்லின் தரப்பில் சாட்சி இருந்தால் பல்லைக் கவனிப்பதுதான் சரி. சாட்சியில்லாமல் பல்லில் கை வைக்கக் கூடாது.

சுருக்கமாக: தசை வலியை உறுதிசெய்வது அசைவோடு மாறும் வலியும், விரல் அழுத்தியதும் வெளிவரும் அதே பழகிய வலியும்தான். ஸ்கேன் தேவைப்படுவது மூட்டிலோ எலும்பிலோ வேறு சந்தேகம் இருந்தால்தான்.

இவையெல்லாம் வேறு, காத்திருக்கக் கூடாது

தாடை வலி எல்லாமே தசை வலி என்று நினைத்துவிடவும் கூடாது. நடக்கும்போதோ படியேறும்போதோ தாடையில் வலி வந்து, நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் அது இதயமாக இருக்கலாம். உடனே மருத்துவமனை.

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி, சாப்பாட்டை மெல்லும்போது தாடை அசந்து வலித்து, மெல்லுவதை நிறுத்தினால் சரியாவது, தலை சீவும்போது உச்சந்தலை நோவது, பார்வை மங்குவது ஆகியவை சேர்ந்தால், தலையின் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். ஒருநாள் தள்ளிப்போட்டால்கூடக் கண்பார்வை போகும் ஆபத்து இருக்கிறது, அன்றே பார்க்க வேண்டும்.

மின்சாரம் பாய்ந்ததுபோல் சில நொடிகள் மட்டும் வெட்டி இழுக்கும் வலி, முகம் கழுவினாலோ காற்று பட்டாலோ கிளம்பினால், அது முக்கிளை நரம்பு வலி. அதற்கு மருந்து வேறு. காய்ச்சலோடு கன்ன வீக்கம் இருந்தால் பல் சீழாக இருக்கலாம். உதட்டில் மரப்பு, போகாத கட்டி, ஆறாத புண் இருந்தால் தாமதமே கூடாது.

நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியது பாக்கு. வெற்றிலைப் பாக்கோ, பாக்கெட்டில் வரும் பாக்குத்தூளோ, பான் மசாலாவோ வருடக்கணக்கில் போடுபவருக்கு வாய் மெல்ல மெல்லத் திறக்காமல் போகலாம். காரம் பட்டால் வாய் எரியும். உள்கன்னம் வெளுத்து, தோல்போல் விறைக்கும். இது வாய்த்தோலின் அடியில் நார் படியும் நோய், புற்றுநோயாக மாறும் வாய்ப்புள்ளது. தசைப்பிடிப்பு என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தால் காலம் வீணாகும். பாக்கை நிறுத்திவிட்டு வாய் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சிகிச்சை: முதலில் குடத்தை இறக்கு

அக்காவின் மருத்துவர் முதல் நாள் எழுதிக்கொடுத்தது மாத்திரை இல்லை. ஒரு எழுத்து. "'ன்' சொல்லுங்க" என்றார். தமிழில் இதைச் சொல்வது எவ்வளவு எளிது பாருங்கள். 'ந்' சொன்னால் நாக்கு பல்லைத் தொடும். 'ண்' சொன்னால் மடங்கி மேலே போகும். 'ன்' சொன்னால் நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தின் மேட்டில் லேசாக உட்காரும், மேல் கீழ்ப் பற்கள் பிரிந்திருக்கும். அப்படியே உதட்டை மூடிக்கொள்ள வேண்டும். உதடு சேரட்டும், பல் சேர வேண்டாம். தாடையின் ஓய்வு நிலை இதுதான்.

இதை நாள் முழுக்க ஞாபகம் வைப்பதுதான் கஷ்டம். அக்கா ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, கம்ப்யூட்டர் மானிட்டரின் ஓரத்தில் ஒன்று, செல்போனின் முதுகில் ஒன்று, மிக்சியில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று என்று ஒட்டினாள். பொட்டு கண்ணில் படும்போதெல்லாம் பல்லைப் பார்க்க வேண்டும். சேர்ந்திருந்தால் 'ன்'. முதல் வாரம் ஒவ்வொரு பொட்டிலும் மாட்டிக்கொண்டாள். இவ்வளவு நேரம் கடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கூடவே சின்னச் சின்ன மாற்றங்கள். சில வாரங்களுக்கு முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், கரும்பு, சூயிங்கம் வேண்டாம். இட்லி, குழைந்த சாதம், கூட்டு, கிச்சடி போதும். வெறும் கஞ்சியோடு நிற்க வேண்டாம், தசை அசையத்தான் வேண்டும். கொட்டாவி வந்தால் முகவாய்க்கடியில் கையை முட்டுக்கொடுக்க வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம், சூடு தோல் பொறுக்கும் அளவில். ஒத்தடத்துக்குப் பிறகு, நாக்கு நுனியை அண்ணத்தில் வைத்தபடியே வாயை மெதுவாகத் திறந்து மூடும் பயிற்சி, ஆறு முறை, நாளைக்கு ஐந்தாறு தடவை. வலியைத் தாண்டி இழுக்கக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கழுத்துக்கும் தாடைக்கும் சேர்த்துப் பயிற்சி சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

2023 டிசம்பரில் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழ், நாள்பட்ட தாடை வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதுவரை நடந்த ஆய்வுகளை அலசி, எதை உறுதியாகச் செய்யலாம், எதைத் தவிர்க்கலாம் என்று ஒரு குழு பரிந்துரைத்தது. உறுதியாகப் பரிந்துரைத்தவை எவை தெரியுமா? நோயைப் புரியவைத்து வீட்டுப் பயிற்சி கொடுப்பது, மேற்பார்வையோடு தாடைப் பயிற்சியும், உட்காரும் நிற்கும் விதத்தைச் சரிசெய்யும் பயிற்சியும், கையால் தசையைத் தளர்த்தும் சிகிச்சை, எண்ண நடத்தைப் பயிற்சி. எல்லாமே எளிய விஷயங்கள்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் பலர் முகம் சுருங்கும். "மனசுலதான் இருக்குன்னு சொல்றாரா?" இல்லை. எண்ண நடத்தைப் பயிற்சி என்பது வலியைப் பற்றிய பயத்தையும், பல்லைக் கடிக்கும் பழக்கத்தையும், தூக்கத்தையும் படிப்படியாக மாற்றக் கற்றுக்கொடுப்பது. குரைத்துப் பழகிய நாயைத் திட்டி அடக்க முடியாது, பால்காரரோடு பழக்கித்தான் அடக்க முடியும். அதைத்தான் இது செய்கிறது.

மாத்திரை, பல் உறை, ஊசி

ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சில நாளுக்கு உதவும். மாதக்கணக்கில் போட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ரத்த அழுத்தமோ அல்சரோ இருந்தால் கேட்காமல் தொடவே கூடாது.

சிலருக்கு அமிட்ரிப்டிலின் என்ற மருந்தை மிகக் குறைந்த அளவில் இரவில் கொடுப்பார்கள். இது மனச்சோர்வுக்கும் தரும் மருந்து. மருந்துக்கடையிலோ போனிலோ பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "எனக்கென்ன பைத்தியமா?" என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. குறைந்த அளவில் இது நரம்புகளின் வலிச் சத்தத்தைக் குறைக்கிறது, தூக்கத்தையும் சேர்த்துத் தருகிறது, அதற்காகத்தான் கொடுக்கிறார்கள். வாய் உலரலாம், காலையில் மந்தமாக இருக்கலாம். மருத்துவர் பார்வையில்தான் எடுக்க வேண்டும், திடீரென்று நிறுத்தவும் கூடாது.

பல் உறை, அதாவது நைட் கார்டு, தாடை வலிக்கு எல்லோரும் முதலில் கேட்பது. இரவில் அரைபடும் பல்லை அது காப்பாற்றும், அதில் சந்தேகமில்லை. வலியைக் குறைக்குமா என்பதில் ஆய்வுகள் உறுதியான பதில் தரவில்லை. பிஎம்ஜே குழு வழக்கமாகப் போட வேண்டாம் என்ற பக்கமே சாய்ந்தது. ஆனாலும் சிலருக்குக் கைகொடுக்கிறது. போடுவதென்றால் எல்லாப் பற்களையும் மூடும்படி அளவெடுத்துச் செய்ததாக இருக்கட்டும், இரவில் மட்டும் போடுங்கள், அவ்வப்போது மருத்துவரிடம் காட்டுங்கள். சில பற்களை மட்டும் மூடும் உறையை நெடுநாள் போட்டால் பல்வரிசையே மாறிவிடலாம்.

போட்டாக்ஸ் ஊசி தசையைச் சில மாதம் தளர்த்தி வைக்கும். விலை அதிகம், வலிக்குத் தரும் பலன் உறுதியில்லை. முதல் படியாக யாராவது இதைச் சொன்னால் நான் எழுந்து வந்துவிடுவேன். மூட்டின் தட்டை அறுத்து எடுப்பதையும், கடியை நிரந்தரமாக மாற்றும் உறைகளையும் அதே வழிகாட்டுதல் நாள்பட்ட வலிக்கு வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொல்கிறது.

திரும்ப மாற்ற முடிந்ததை முதலில் செய்யுங்கள் என்று மருத்துவர் அக்காவிடம் சொன்னார். பொட்டை எடுத்துவிடலாம், மாத்திரையை நிறுத்திவிடலாம், பிடுங்கிய பல்லை வைக்க முடியாது.

எவ்வளவு நாள் ஆகும்?

பெரும்பாலானவர்களுக்கு இந்த எளிய வழிகளிலேயே வலி நன்றாகக் குறைகிறது, ஆனால் வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள் ஆகும். மளமளவென்று குறையாது. அக்காவுக்கு மூன்றாவது வாரத்தில் முதல்முறையாக ஒருநாள் மதியம் வலியை மறந்திருந்தாள், சாயங்காலம்தான் மறந்ததே ஞாபகம் வந்தது. நாலாவது மாதத்தில் கறியை மென்று சாப்பிட்டாள். நடுவில் வீட்டில் ஒரு கல்யாண வேலை வந்தபோது ஒரு வாரம் திரும்பி வந்தது. அப்போது பயந்து பல் மருத்துவமனைக்கு ஓடாமல், ஒத்தடமும் மெத்தென்ற சாப்பாடும் 'ன்'னுமாகச் சமாளித்தாள்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு சின்னத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது ஆரம்பித்தது, காலையில் அதிகமா சாயங்காலம் அதிகமா, எதைச் செய்தால் கூடுகிறது, தூக்கம் எப்படி, வேறெங்கே வலி, இதுவரை என்ன சிகிச்சை. காலையில் எழும்போதே வலி அதிகமென்றால் இரவுப் பல்கடியையும் தூக்கத்தையும் விசாரிப்பார்கள், சாயங்காலம் ஏறினால் பகல்நேரக் கடியைத் தேடுவார்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் ஓரல் மெடிசின் என்ற பிரிவு இருக்கும், வாய், முகம் சார்ந்த வலிகளைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். தெருமுனைப் பல் மருத்துவரும் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பவராக இருந்தால் அவரே போதும். தொட்டுப் பார்க்கவில்லையென்றால் கேளுங்கள்: "டாக்டர், தசையை ஒரு தடவை அழுத்திப் பாக்குறீங்களா?"

அக்காவின் மிக்சியில் ஒட்டிய பொட்டு எண்ணெய்ப் பிசுக்கில் எப்போதோ உதிர்ந்துவிட்டது. கண்ணாடியில் இருந்ததைப் பண்டிகை நாளில் அவசரத்துக்கு எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். மானிட்டரில் இருப்பதை மட்டும் எடுக்கவில்லை. மார்ச் முடியட்டும் என்கிறாள்.